சான் லூகாஸில் அடி ஒழிந்த வருடம்

சான் லூகாஸ் ராணுவக் கல்லூரியில் ஜனவரி ஆறாம் தேதி காலை ஒன்பது மணியோடு அடி உதை முற்றிலும் ஒழிக்கப்பட்டது. சந்தேகம் இருப்பவர்கள் வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பித்தளைப் பலகையில் தேதியும் நேரமும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் குழி தோண்டிய முதலாண்டுப் பையன்களில் ஒருவனுக்கு, குழி கோணலாக இருக்கிறது என்று எட்டரை மணிக்கு முதுகில் நாலு விழுந்தது. ஒன்பதுக்கு முன்னால் விழுந்ததால் அது சேர்த்தி இல்லை.

அந்த ஒருவன் தாசியோ டும்லாவ். இசபெலா மாகாணத்துச் சோளக்காட்டு ஊர்க்காரன். ஜீப்னி என்ற பயணிகள் வண்டிகளைப் பழுதுபார்க்கும் அப்பனுக்கு ஐந்து பிள்ளைகளில் மூத்தவன். எந்த உத்தரவையும் இரண்டு முறை படித்துவிட்டு, அதில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நம்புகிறவன். ராணுவத்துக்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் தேவை என்று சொல்வார்கள். கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் இந்தக் கதை.

கல்லூரித் தலைவர் ஜெனரல் இல்டெபோன்சோ மத்தியென்சோ, மணிலாவில் ஒரு பெரிய ஓட்டலில் பதினோரு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். போகும்போது வெறும் ஜெனரலாகப் போனவர், வரும்போது சான்றிதழும் 'கோச்சிங்' என்ற வார்த்தையும் கொண்டுவந்தார். மைதானத்தில் அத்தனை பேரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"அடி மனுஷனை உடைக்கும். கோச்சிங் மனுஷனை உள்ளுக்குள்ளருந்து திறக்கும். நல்ல தலைவன் உத்தரவு போட மாட்டான், கேள்வி கேப்பான். இனிமே இங்க எவனாவது ஜூனியர்மேல கை வச்சான்னு கேள்விப்பட்டேன், அவன் தோலை நானே உரிச்சுத் தொங்கவிட்டுடுவேன். புரியுதா?"

"ஆமாம் சார்!" என்று மைதானம் அதிர்ந்தது. தாசியோ மற்றவர்களைவிட ஒரு சுருதி கூடவே கத்தினான். பாவம், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் நான்காமாண்டுக்காரர்களிடமிருந்த மர மட்டைகள் எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார்கள். எண்பத்து நாலு மட்டைகள். அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வான நீலத்தில் சாயம் பூசி, 'கோச்சிங் உபகரணம்' என்று எழுதி, எண் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தார்கள். நான்காமாண்டு மாணவன் ஒவ்வொருவனும் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஜூனியர்களுக்குக் கோச்சிங் கொடுத்திருக்க வேண்டும். குறைந்தால் பட்டமளிப்பு அன்று வாள் கிடையாது.

இங்கேதான் வினையே. பழைய நாளில் நான்காமாண்டு இருநூறு பேரில் அடிப்பதை ரசித்துச் செய்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். மீதிப் பேர் சோம்பேறிகள், நல்லவர்கள், காதலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள். அடி ஒழிக்கப்பட்ட பிறகு இருநூறு பேரும் அடித்தாக வேண்டியதாயிற்று.

தாசியோவுக்கு வாய்த்த கோச், ஜோவெனல் சால்வதியேரா. மூன்று வருடத்தில் ஒரு ஜூனியரைக்கூடத் தொட்டவனில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கித்தாரைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பான். பிப்ரவரி முதல் வாரத்தில் அவன் கணக்கில் பத்தொன்பது மணி நேரம் பாக்கி நின்றது. இரவல் மட்டையோடும் படிவத்தோடும் தாசியோவின் அறைக்கு வந்தவன் முகத்தில் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவனின் கலக்கம் இருந்தது.

"கேடட் டும்லாவ், இந்த வாரம் உன் இலக்கு என்ன? மனசு விட்டுச் சொல்லு. இங்க தப்பான பதில்னு ஒண்ணுமே கிடையாது."

தாசியோவுக்கு வியர்த்தது. சான் லூகாஸில் நூறு வருட வழக்கம் ஒன்று உண்டு. சீனியரோ அதிகாரியோ எதைக் கேட்டாலும் முதலாண்டு மாணவன் சொல்லக்கூடியவை மூன்றே பதில்கள். ஆமாம் சார். இல்லை சார். காரணம் எதுவும் இல்லை சார். நாலாவதாக ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால், அவனோடு யாரும் பேசக் கூடாது என்று ஒதுக்கிவைத்துவிடுவார்கள், அவனாகவே மூட்டை கட்டும்வரை. ஜெனரல் அடியை ஒழித்தார். மூன்று பதிலை ஒழிக்க மறந்துவிட்டார், அல்லது அது மரபு என்பதால் தொடவில்லை.

"ஆமாம் சார்," என்றான் தாசியோ.

மட்டை வயிற்றில் இறங்கியது. அவன் இரண்டாக மடிந்து, மறுபடி நிமிர்ந்தான்.

"தப்பு," என்றான் சால்வதியேரா. "சரி, வேற மாதிரி கேக்குறேன். உன் இன்றைய நிலைமையைப் பத்தி நீ எப்படி உணர்ற?"

"இல்லை சார்."

இந்த முறை விலாவில் விழுந்தது. எலும்பு முனகியது அவனுக்கே கேட்டது.

"அய்யோ, கொஞ்சம் ஒத்துழைப்பு குடுடா," என்று சால்வதியேரா கெஞ்சினான். "உனக்கு முன்னாடி என்னென்ன வழி இருக்குன்னு நீ நினைக்கிற?"

"காரணம் எதுவும் இல்லை சார்!"

சால்வதியேராவின் முகம் மலர்ந்தது. படிவத்தில் எழுதிக்கொண்டான்: 'மாணவர் தன் நிலைக்குத் தானே பொறுப்பேற்கிறார். நல்ல முன்னேற்றம்.' முன்னேற்றத்தை உறுதிப்படுத்த இன்னும் மூன்று போட்டான். கடைசியில் தாசியோ படிவத்தில் நட்சத்திரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஐந்துக்கு ஐந்து போட்டான். நட்சத்திரங்கள் சிலந்திகளாக வந்தன.

தாசியோவின் அறைத் தோழன் வெனான்சியோ கலூபிட். கீமாராஸ் தீவுக்காரன், அம்மா மாம்பழ வியாபாரி. ஒல்லிப் பையன், வாய் மட்டும் ஊருக்கு ஆகும். அவர்களுக்குள்ளே தனியாக இருக்கும்போது எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் பேசலாம் என்பதால் அவன் நாள் முழுக்கச் சேர்த்துவைத்ததை அறைக் கதவு சாத்தியதும் கொட்டுவான்.

"டேய் தாசியோ, இங்க பாரு, ரெண்டு பல்லு," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "யாரும் பிடுங்கலடா. கேள்வியாக் கேட்டாங்க. அதுங்களாவே யோசிச்சு முடிவெடுத்து வெளிய வந்துடுச்சு. சுயவளர்ச்சிடா இது!"

"சிரிக்காதடா, ரத்தம் வழியுது."

"மே மாசம் வரைக்கும் தாங்கிட்டாப் போதும். அங்கீகார நாள் அன்னிக்கு அவனுங்களே வந்து கை குடுப்பானுங்க, அதோட எல்லாம் முடிஞ்சுது. அம்மா டிக்கெட் எடுத்துட்டா. கப்பல்ல ஒரு நாள், பஸ்ஸுல ஒரு நாள். உனக்கும் சேத்து ஒரு கூடை மாம்பழம். நான் உயிரோட இருந்து உனக்குக் குடுக்கணும், நீ உயிரோட இருந்து சாப்பிடணும், அவ்வளவுதான் நம்ம இலக்கு. இதைப் படிவத்துல எழுத இடம் இல்ல, பாத்தியா?"

இரண்டு பேரும் நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டார்கள்.

மார்ச் மாதம் மணிலாவிலிருந்து ஆலோசகர் ஒருவர் கஞ்சி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். கோச்சிங் எப்படிப் போகிறது என்று மதிப்பிட முதலாண்டு மாணவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவனையும் ஒரே கேள்வி கேட்டார்: "கோச்சிங்கால உன் வாழ்க்கையில மாற்றம் வந்திருக்கா?" முந்நூற்றுப் பன்னிரண்டு 'ஆமாம் சார்' வந்தது. கை கட்டுப் போட்டவன், கண் வீங்கி மூடிக்கொண்டவன், ஊன்றுகோலில் நின்றவன் எல்லாருமே சத்தமாகத்தான் சொன்னார்கள். நூற்றுக்கு நூறு திருப்தி வந்த நிறுவனத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததே இல்லை என்று ஆலோசகர் கண் கலங்கினார். ஒரே ஒரு யோசனை சொன்னார். சீனியர்கள்மேல் மட்டும் ஏன் இத்தனை பாரம்? முதலாண்டு மாணவர்கள் அறைத் தோழர்களுக்குள்ளே ஒருவருக்கொருவர் கோச்சிங் கொடுக்கட்டுமே.

ஜெனரலுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

ஏப்ரல் இரண்டாம் தேதி, மதியம், குளியலறை. ஈரத் தரையில் தாசியோவும் வெனான்சியோவும் எதிரெதிரே நின்றார்கள். சால்வதியேரா மேற்பார்வைக் கோச்சாக வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த நாள் ஒப்படைக்க வேண்டிய படிவங்கள் மடியில் இருந்தன.

"கேள்வி கேட்டு முடிஞ்சுது. இப்ப கருத்துப் பகிர்வு. டும்லாவ், உன் தோழனுக்கு உன் கருத்தைச் சொல்லு. வயித்துல."

தாசியோ குத்தினான். கொசு அடிக்கிற வேகம்தான்.

"இதுல நேர்மை இல்ல," என்றான் சால்வதியேரா அலுப்போடு. "நேர்மை இல்லாத கருத்து தோழனை ஏமாத்துற மாதிரி. மறுபடியும்."

இரண்டாவது குத்தும் அப்படியே. சால்வதியேரா மட்டையை எடுத்து வெனான்சியோவின் வயிற்றில் முழுக் கையையும் ஓங்கி ஒன்று விட்டான். வெனான்சியோ சுவரில் மோதி, வழுக்கி, எழுந்தான்.

"நேர்மைன்னா இது. நீ ஒழுங்காக் குடுக்கலன்னா நான் குடுக்க வேண்டியிருக்கும். எது உன் தோழனுக்கு நல்லது? நீயே முடிவெடு, தலைவன் முடிவெடுப்பான்."

வெனான்சியோ உதட்டை அசைக்காமல், "அடிச்சுத் தொலைடா, உன் கை அவன் மட்டையைவிட மேல்," என்று முணுமுணுத்தான். தாசியோ அடித்தான். நாலு குத்து. முதல் குத்தில் கொஞ்சம் பிடித்து வைத்தான். மற்ற மூன்றிலும் வைக்கவில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது, அதற்காகவே பலமாக அடித்தான். நாலாவதில் வெனான்சியோவின் வாயிலிருந்து காலையில் தின்ற சோறு வந்தது. 'சிறப்பான பரஸ்பர வளர்ச்சி,' என்று சால்வதியேரா எழுதிக்கொண்டு அரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்தான்.

நாலு மணிக்குள் வெனான்சியோவின் வயிறு பலகையாகிவிட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தாசியோ அவனைத் தோளில் சாய்த்து மருத்துவப் பிரிவுக்கு நடத்திக்கொண்டு போனான். அங்கே இருந்த மேஜர் அம்மாளும் பயிற்சிக்குப் போய் வந்தவர்தான். முன்பெல்லாம் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து மருந்து கொடுப்பார். இப்போது கோச் ஆகிவிட்டதால் நோயாளிக்குத் தீர்வு சொல்லக் கூடாது. கேள்வி கேட்டு, நோயாளியே தன் சிகிச்சையைக் கண்டடையச் செய்ய வேண்டும்.

"சொல்லுப்பா, எங்க வலிக்குது?"

வெனான்சியோ அவரையே பார்த்தான். பின்னால் கதவருகே சால்வதியேராவும் இன்னும் இரண்டு சீனியர்களும் நின்றார்கள்.

"காரணம் எதுவும் இல்லை, மேடம்."

"உனக்கு என்ன தேவைன்னு உன் உள்மனசு சொல்லுது?"

"காரணம் எதுவும் இல்லை, மேடம்."

"சரி, ஆமா-இல்லைன்னு சொல்லு. தாங்க முடியாத வலியா?"

தாங்க முடியாது என்பது சான் லூகாஸில் ஒரு பையன் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கேவலமான செய்தி. அதைவிட, மே மாதத்துக்கு இருபத்தெட்டுக் கோடுகள்தான் பாக்கி. "இல்லை, மேடம்," என்றான் வெனான்சியோ.

தாசியோ வாயைத் திறந்தான். வயிற்றில் அடி, மதியத்திலிருந்து ஏழு அடி, உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது என்று சொல்ல வந்தான்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார் மேஜர்.

"இல்லை, மேடம்."

வாயை மூடிக்கொண்டான். மூடியிருக்கக் கூடாது. அதைச் செய்தபோதே அவனுக்கு அது தெரியும். நோயாளி தன் உடல்நலத்துக்குத் தானே பொறுப்பேற்றிருப்பதாக எழுதி, இரண்டு வயிற்றெரிச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் வழக்கப்படி நாற்காலியின் முன் விளிம்பில் மூன்று அங்குலம் மட்டும் தொட்டு, முதுகை நிமிர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பூண்டுச் சோறும் உப்பு மீனும் பரிமாறியிருந்தது. வெனான்சியோ கரண்டியை எடுக்கவில்லை. மேசைத் தலைமாட்டில் இருந்த சீனியர், "கலூபிட், உணவோட உன் உறவு எப்படி இருக்கு?" என்று கேட்டான். பதில் இல்லை. எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தான். "மௌனமும் ஒரு தேர்வுதான். அந்தத் தேர்வோட விளைவு என்ன?" என்று கேட்டு இன்னொன்று அறைந்தான். மூன்றாவது அறையில் வெனான்சியோ நிமிர்ந்த முதுகோடு அப்படியே பக்கவாட்டில் தாசியோவின் மடியில் விழுந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது. எப்போது போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. எப்படியும் கடைசிக் கோச்சிங் ஒரு பிணத்துக்குத்தான் கொடுக்கப்பட்டது, அதற்கும் படிவம் இருக்கிறது.

தாசியோ அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சுவரைப் பார்க்கவில்லை. அதற்காக அவன் நடத்தைக் கணக்கில் ஒரு கரும்புள்ளி வைத்தார்கள்.

விசாரணை மறுநாளே நடந்தது. மூன்று கர்னல்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்:

"ஜனவரி ஆறுக்கு அப்புறம் இந்தக் கல்லூரியில அடி நடந்திருக்கா?"

"ஆமாம் சார்."

"கேள்வியை நீ சரியா வாங்கிக்கல. வாசல்ல பலகை இருக்குல்ல? மறுபடி கேக்குறேன். அடி நடந்திருக்கா?"

"ஆமாம் சார்."

பதினோரு முறை கேட்டார். நின்றுகொண்டே இருந்ததில் தாசியோவின் முழங்கால் விட்டுப்போயிற்று. ஒரு சார்ஜென்ட் அவனைத் தூக்கி நிறுத்தினார். பன்னிரண்டாவது முறை, "இல்லை சார்," என்றான். எழுத்தர் அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

"கலூபிட்டுக்குக் கடைசியா வயித்துல கருத்துப் பகிர்வு பண்ணது நீதானே?"

"ஆமாம் சார்."

"அவன் உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தாசியோ கர்னல்களின் முகங்களைப் பார்த்தான். மூன்று முகங்களிலும் உண்மையான ஆவல் இருந்தது.

"காரணம் எதுவும் இல்லை சார்."

மூவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். தீர்ப்பு: இணைக் கோச் டும்லாவிடம் தலைமைப் பண்பு போதாது. ஈமச் சடங்கில் இறந்தவன் படத்தை ஏந்திக்கொண்டு நிற்பது அவனுடைய கடைசி வேலை. அது முடிந்ததும் சீருடையைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

வெனான்சியோவின் அம்மா பெலாஜியா, மே மாதத்துக்கு வாங்கிவைத்த டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஏப்ரலில் வந்தாள். குள்ளமான, தோள் அகன்ற பெண். கால்நூற்றாண்டு கூடை தூக்கிய கைகள். கறுப்பு உடையும், புதிதாக வாங்கிய கறுப்புச் செருப்பும் போட்டிருந்தாள். மைதானத்தில் கொடி போர்த்திய பெட்டிக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்தார்கள். அவளுக்கு இடப்புறம் படத்தோடு தாசியோ. எதிரே மேடையில் ஜெனரல் மத்தியென்சோ. சுற்றிலும் ஆயிரம் பேர்.

"தாயே," என்று ஜெனரல் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார். "உங்க மகனை இந்தக் கல்லூரியில ஒரு விரல் தொட்டதில்ல. மாறா, நூத்திப் பதினாலு மணி நேரம் அவனுக்குக் கோச்சிங் குடுத்திருக்கோம். சொந்த மகன்மேல நீங்ககூட இவ்வளவு நேரம் செலவழிச்சிருக்க மாட்டீங்க. அவன் முழுசாத் திறந்துட்டான். உடம்புதான் அதுக்கு ஈடுகுடுக்கல. அது எங்க துறை இல்ல."

இறங்கி வந்து அவள் எதிரே நின்று, மடித்த கொடி ஒன்றை அவள் கையில் வைத்தார். அவள் கொடியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீதானாப்பா தாசியோ? கடிதாசி பூரா உன் பேருதான். சொல்லுய்யா, என் புள்ள எப்படிச் செத்தான்?"

"ஆமா-இல்லன்னு மட்டும் சொல்லு, கேடட்," என்றார் ஜெனரல் மெதுவாக.

தாசியோவின் வாய் பழக்கத்தில் 'கா' என்று ஆரம்பித்தது. அங்கேயே நின்றது. அப்புறம் அவன் பேசினான்.

"அடிச்சுக் கொன்னுட்டோம்மா. மூணு மாசமா அடிச்சாங்க. மட்டைக்கு நீலச் சாயம் அடிச்சுட்டு அடிச்சாங்க. கடைசி நாள் குளியலறையில வச்சு, வயித்துல. நானும் அடிச்சேன். நாலு. அதுல மூணு பலமா அடிச்சேன். அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொல்லியிருந்தா—"

ஜெனரல் சட்டென்று கையை உயர்த்தி ஊதுகுழல்காரனுக்குச் சைகை காட்டினார். கடைசி மரியாதை இசை கிளம்பியது. ஆயிரம் கைகள் ஒரே நொடியில் நெற்றிக்கு ஏறின. ஜெனரலின் கையும் ஏறியது. அந்த இசை முடியும்வரை சீருடை போட்ட எவனும் அசையக் கூடாது, கண் இமைக்கக் கூடாது. பேச்சை நிறுத்த அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் தாசியோ கையை உயர்த்தவில்லை. படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இசைக்கு மேலே கத்திக் கத்தி மீதியையும் சொன்னான். மேஜரின் மாத்திரை, உணவுக்கூடத்தில் விழுந்த மூன்று அறை, பன்னிரண்டு முறை கேட்ட கேள்வி, ஒன்றையும் விடவில்லை.

பெலாஜியா முழுவதையும் கேட்டாள். முதலில் தாசியோவை அறைந்தாள். கூடை தூக்கிய கை. அவன் தலை திரும்பி நின்றது, உதடு கிழிந்தது. அவன் மறுபடி முகத்தை நேரே கொண்டுவந்து காட்டினான். அவள் இரண்டாவது அடிக்கு ஓங்கி, அடிக்காமல், அவன் கன்னத்தில் அந்தக் கையை வைத்துவிட்டு எடுத்தாள். கொடியை மகன் பெட்டிமேல் வைத்தாள். குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றினாள்.

ஜெனரலின் தொப்பி முதல் அடியில் பறந்தது. இரண்டாவது மூக்கில் விழுந்தது, ரத்தம் மீசையில் இறங்கியது. மூன்றாவது வாயில். ஜெனரல் அசையவில்லை. அசைய முடியாது. வலது கை நெற்றியில், இடது கை தொடையோடு ஒட்டி, கண்கள் மட்டும் பிதுங்கிக்கொண்டிருந்தன. அவள் மார்பில் அடித்தபோது பதக்கங்கள் பிய்ந்து புல்லில் சிதறின. "திற! திறடா! உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம்!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். ஆயிரம் பேர் நெற்றியில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று கர்னல்களும் நின்றார்கள். சால்வதியேரா கண்ணீர் வழிய நின்றான், துடைக்கவில்லை.

இசை கடைசி சுரத்துக்கு வந்தது. அது நின்றதும் எல்லாரும் ஓடிவந்து அவளைப் பிடித்துவிடுவார்கள். ஊதுகுழல்காரன் முதலாண்டுப் பையன், முன்பல் இரண்டு இல்லாதவன். கடைசி சுரத்தை மூச்சு உள்ளவரை இழுத்துப் பிடித்தான். ஜெனரலைப் பார்த்தான். அந்த அம்மாள் செருப்பைக் கை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பிறகு மூச்சை நன்றாக இழுத்து நிரப்பிக்கொண்டு, இசையை முதலிலிருந்து மறுபடியும் ஊத ஆரம்பித்தான்.